எட்டு ரூபாயும் ஒருங்கிணைப்புக் குழுக்களும்

"ஊட்டச்சத்துத் திட்டங்களுக்குப் பணம் ஒரு பிரச்சினையே இல்லை. துறைகள் சேர்ந்து வேலை செய்வதில்லை, அதுதான் பிரச்சினை." இந்தியக் குழந்தைகளின் ஊட்டச்சத்துக் குறைபாட்டைப் பற்றி எங்கே பேச்செடுத்தாலும் கடைசியில் இங்கேதான் வந்து முடிகிறது. அதிகாரிகள் சொல்கிறார்கள், பொருளியல் அறிஞர்கள் சொல்கிறார்கள், தொண்டு நிறுவனங்களின் அறிக்கைகள் சொல்கின்றன. எதிர்க்கட்சிகள்கூட இதை மறுப்பதில்லை. இந்தக் கருத்து தவறு. தவறு என்பதோடு விட்டுவிடவும் முடியாது. பத்தாண்டுகளுக்கும் மேலாக இது கொள்கை வகுப்போரை வழிதவற வைத்து, பிள்ளையின் தட்டுக்குப் போக வேண்டிய கவனத்தைக் கூட்ட அறைகளுக்குத் திருப்பியிருக்கிறது.

மறுக்கும் முன் அந்தத் தரப்பை அதன் முழு வலுவோடு சொல்லிவிட வேண்டும். ஒரு குழந்தை வயதுக்கேற்ற உயரம் வளராமல் போவதற்குச் சோறு போதாதது மட்டும் காரணமில்லை. தாய்க்கு ரத்தசோகை இருக்கலாம். அவள் பதினெட்டு வயதுக்குள்ளேயே பிள்ளை பெற்றிருக்கலாம். குடிநீரில் கழிவு கலந்திருக்கலாம். அடிக்கடி வரும் வயிற்றுப்போக்கு தின்றதையெல்லாம் வெளியே தள்ளிக்கொண்டிருக்கலாம். இவற்றில் ஒவ்வொன்றும் ஒவ்வொரு துறையின் கையில் இருக்கிறது. அங்கன்வாடி பெண்கள் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகத்திடம், தடுப்பூசியும் இரும்புச்சத்து மாத்திரையும் சுகாதாரத்திடம், ரேஷன் உணவுத் துறையிடம், பள்ளிச் சாப்பாடு கல்வித் துறையிடம், தண்ணீர் ஜல் சக்தி அமைச்சகத்திடம். 2013இல் லான்செட் இதழ் வெளியிட்ட ஊட்டச்சத்துக் கட்டுரை வரிசை, பத்து நேரடி ஊட்டச்சத்து நடவடிக்கைகளை 90 விழுக்காட்டினருக்குக் கொண்டுசேர்த்தால்கூட வளர்ச்சிக் குன்றல் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்குதான் குறையும் என்று மதிப்பிட்டது. மீதி நான்கு பங்கு மற்ற துறைகளிடம் இருக்கிறது என்பது இவர்கள் வாதம். கூடவே இன்னொரு சான்றையும் வைக்கிறார்கள். ஒன்றிய அரசின் ஊட்டச்சத்து இயக்கமான போஷன் அபியானுக்காக 2021 மார்ச் வரை மாநிலங்களுக்கு விடுவித்த சுமார் 5,300 கோடி ரூபாயில் மூவாயிரம் கோடிக்கும் சற்றுக் குறைவாகத்தான் செலவானது. கொடுத்த பணத்தையே செலவழிக்காதவர்களுக்கு மேலும் பணம் எதற்கு என்று கேட்கிறார்கள்.

பார்வைக்கு வலுவான வாதம். சொல்கிறவர்களில் பெரும்பாலோர் நல்லெண்ணம் உள்ளவர்கள். ஆனாலும் இந்த வாதத்தின் ஒவ்வொரு கண்ணியும் தொட்டால் கழன்றுவிடுகிறது.

1. பணம் இருக்கிறது என்கிறார்களே, எங்கே இருக்கிறது?

அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் ஆறு வயது வரையிலான ஒரு குழந்தையின் ஒரு நாள் உணவுக்கு அரசு வகுத்த செலவு 8 ரூபாய். கடும் ஊட்டச்சத்துக் குறைபாடு உள்ள குழந்தைக்கு 12 ரூபாய். கர்ப்பிணிக்கும் பாலூட்டும் தாய்க்கும் 9 ரூபாய் 50 காசு. இது ஒன்றிய அரசின் பங்கு மட்டும் இல்லை. பெரும்பாலான மாநிலங்களில் ஒன்றியமும் மாநிலமும் பாதிப்பாதி போட்டுக் கொடுக்கும் மொத்தத் தொகையே இவ்வளவுதான். 2017இல் இந்த விகிதம் வந்தது. அதன் பிறகு கொரோனா வந்து போனது, எண்ணெய் விலை ஏறியது, பருப்பு விலை ஏறியது, இந்த எட்டு ரூபாய் அசையவில்லை. 2025-26 நிதிநிலை அறிக்கை உரையில்தான், இந்த விகிதம் தக்கபடி உயர்த்தப்படும் என்று நிதியமைச்சர் அறிவித்தார். விலைவாசி ஆண்டுக்கு ஐந்து விழுக்காடு ஏறினால்கூட ஏழு ஆண்டில் எட்டு ரூபாயின் வாங்கும் சக்தி ஐந்து ரூபாய் எழுபது காசுக்கு இறங்கிவிடும். எந்தச் சட்டமும் போடாமல், எந்த விவாதமும் நடக்காமல், ஒரு குழந்தையின் சாப்பாட்டில் கால் பங்குக்கு மேல் கரைந்துபோகும் வழி இது.

2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் இந்த வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 500 கலோரியும் 12 முதல் 15 கிராம் புரதமும் தர வேண்டும் என்று அட்டவணை போட்டது. ஒரு முட்டையில் இருப்பது ஏறக்குறைய ஆறு கிராம் புரதம். நாமக்கல்லில் முட்டையின் பண்ணை விலை ஐந்து ரூபாயைத் தொட்டாலே ஒரு முட்டைக்கும் வண்டிக்கூலிக்கும் போக மீதியிருக்கும் சில்லறையில் பருப்பு, எண்ணெய், காய், உப்பு, விறகு எல்லாம் வாங்கியாக வேண்டும். அரிசியும் கோதுமையும் மானிய விலையில் தனியே வருகின்றன என்பது உண்மை. ஆனால் நம் குழந்தைகளுக்குக் குறைவது அரிசியும் கோதுமையும் இல்லை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், ஆறு முதல் இருபத்து மூன்று மாதக் குழந்தைகளில் போதுமான, பலவகை கொண்ட உணவு கிடைத்தவர்கள் 11.3 விழுக்காடு மட்டுமே. நூற்றில் எண்பத்தெட்டுக் குழந்தைகளுக்கு மேல் அந்த வரம்புக்கு வெளியே நிற்கிறார்கள். இது எந்தத் துறையும் இன்னொரு துறையிடம் பேசாததால் வந்த நிலைமையா?

மொத்த ஒதுக்கீட்டைப் பாருங்கள். பதினான்காவது நிதிக்குழு மாநிலங்களின் வரிப் பங்கை 32இலிருந்து 42 விழுக்காடாக உயர்த்தியது. அதைக் காரணம் காட்டி, அங்கன்வாடிகளை நடத்தும் ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டத்துக்கான ஒன்றிய ஒதுக்கீட்டை 2015-16 பட்ஜெட்டில் பாதிக்கும் கீழே வெட்டினார்கள். முந்தைய ஆண்டு சுமார் 18,000 கோடியாக இருந்தது. துறையின் அமைச்சர் மேனகா காந்தியே நிதியமைச்சருக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. ஆண்டு நடுவே ஒரு பகுதி திரும்பி வந்தது. அடுத்து, பெருந்தொற்றுக் காலம். 2020-21 பட்ஜெட்டில் அங்கன்வாடிச் சேவை, போஷன் அபியான், வளரிளம் பெண்கள் திட்டம் மூன்றுக்கும் சேர்த்து ஏறத்தாழ 24,500 கோடி. அடுத்த ஆண்டு இவற்றையெல்லாம் 'சக்ஷம் அங்கன்வாடி, போஷன் 2.0' என்ற ஒரே குடையின் கீழ் ஒருங்கிணைத்தார்கள். ஒதுக்கீடு 20,105 கோடியாக இறங்கியது. 2025-26இல் 21,960 கோடி. ஐந்து ஆண்டு விலையேற்றத்துக்குப் பிறகும் பழைய எண்ணையே எட்டவில்லை. ஒருங்கிணைப்பு என்ற பெயரில் நடந்த பெரிய மாற்றம் நாலாயிரம் கோடிக்கு மேல் குறைந்த ஒதுக்கீட்டோடு தொடங்கியது என்பதை ஒருங்கிணைப்பின் ஆதரவாளர்கள் யாரும் வாய்திறந்து சொல்லி நான் கேட்டதில்லை.

பணம் போதவில்லை என்று அரசியலமைப்பின் கீழ் அமைந்த ஓர் ஆணையமே சொன்னது. பதினைந்தாவது நிதிக்குழு தன் முதல் அறிக்கையில், 2020-21ஆம் ஆண்டுக்கு மாநிலங்களுக்கு ஊட்டச்சத்துக்காக மட்டும் 7,735 கோடி ரூபாய் கூடுதல் மானியம் தரப் பரிந்துரைத்தது. அந்த மானியம் நடைமுறைக்கு வரவில்லை.

தாய்மார்கள் கதையும் இதுவே. உணவுப் பாதுகாப்புச் சட்டம் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் குறைந்தது 6,000 ரூபாய் என்றது. நான்கு ஆண்டு கழித்து 2017இல் வந்த பிரதமரின் மாத்ரு வந்தனா திட்டம் 5,000 ரூபாய் கொடுத்தது, அதுவும் முதல் குழந்தைக்கு மட்டும். பின்னர் இரண்டாவது குழந்தை பெண்ணாக இருந்தால் உண்டு என்று சேர்த்தார்கள். சட்டத்தில் எழுதிய தொகையைக்கூடக் கொடுக்காத நிலையில், பணம் பிரச்சினை இல்லை என்று ஒருவர் எப்படிச் சொல்ல முடிகிறது?

2. செலவாகாத பணம் எந்தப் பணம்?

இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அந்தச் சான்றை மேடையில் வைத்திருக்கவே மாட்டார்கள். போஷன் அபியானின் நிதி சோற்றுக்கான நிதி இல்லை. அது கைபேசிக்கும் மென்பொருளுக்கும் எடை பார்க்கும் கருவிகளுக்கும் பயிற்சிக்கும் விழிப்புணர்வு இயக்கத்துக்கும் ஒருங்கிணைப்புச் செயல்திட்டத்துக்கும் ஒதுக்கிய பணம். சத்துமாவுக்கும் முட்டைக்கும் உள்ள பணம் அங்கன்வாடிச் சேவைக் கணக்கில் தனியே இருந்தது. ஆக, ஏறத்தாழ பாதி தேங்கிக் கிடந்தது ஒருங்கிணைப்புக்கான பணமே. அதைக் காட்டி உணவுக்குக் கூடுதல் பணம் தேவையில்லை என்று வாதிடுவது கணக்கில் ஒரு வரியைக் காட்டி இன்னொரு வரியைத் தீர்ப்பது.

பொதுவாகவே, அரசுப் பணம் தேங்குவதற்குக் காரணம் தேடினால் அதுவும் பணத்தில்தான் போய் முடியும். நிதியாண்டின் கடைசிக் காலாண்டில் விடுவித்த தொகையை மார்ச் 31க்குள் எந்த மாவட்டமும் செலவழித்துவிட முடியாது. குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர், மேற்பார்வையாளர் பணியிடங்கள் பல மாநிலங்களில் ஆண்டுக்கணக்கில் காலியாகக் கிடக்கின்றன. சம்பளச் செலவை மிச்சம் பிடிக்கப் பணியிடத்தைக் காலியாக வைத்துவிட்டு, ஆளில்லாததால் பணம் செலவாகவில்லை என்பதையே பணம் மிஞ்சுவதற்குச் சான்றாக்குகிறோம்.

3. ஒருங்கிணைப்பு என்ன, இதுவரை முயன்று பார்க்காத வழியா?

உலகம் இதை ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே முயன்றுவிட்டது. 1970களில் பல்துறை ஊட்டச்சத்துத் திட்டமிடல் என்ற கொள்கை பெரும் நம்பிக்கையோடு பரவியது. வளரும் நாடுகளின் திட்டக் குழுக்களில் ஊட்டச்சத்துப் பிரிவுகள் முளைத்தன. எல்லாக் காரணங்களையும் கோடிட்டு இணைக்கும் வரைபடங்கள் தயாராயின. சில ஆண்டுகளில் எல்லாம் அடங்கிவிட்டது. 1987இல் ஜான் ஆஸ்குட் ஃபீல்ட் என்ற ஆய்வாளர் 'ஃபுட் பாலிசி' இதழில் எழுதிய கட்டுரை இந்தக் கொள்கையின் பிணக்கூறாய்வு என்றே தலைப்பிட்டிருந்தது. திட்டமிடலில் மூழ்கியவர்கள் நிறைவேற்றத்தை மறந்தார்கள் என்பது அவர் கண்டதன் சாரம். எல்லாத் துறைக்கும் பொதுவான பொறுப்பு எந்தத் துறையின் முதல் வேலையாகவும் ஆகவில்லை.

இந்தியாவுக்கு வருவோம். 1993இன் தேசிய ஊட்டச்சத்துக் கொள்கை, பிரதமர் தலைமையில் தேசிய ஊட்டச்சத்து மன்றம் வேண்டும் என்றது. 2008இல் பிரதமர் தலைமையில் ஊட்டச்சத்து சவால்களுக்கான தேசிய மன்றம் ஒன்றை அமைத்தார்கள். அதன் முதல் கூட்டம் நடந்தது 2010 நவம்பரில். 2018 மார்ச் 8 அன்று ராஜஸ்தானின் ஜுன்ஜுனுவில் போஷன் அபியான் தொடங்கியபோது மீண்டும் ஒரு தேசிய மன்றம், நிதி ஆயோக் துணைத் தலைவர் தலைமையில். அதன் கீழே செயற்குழு, மாநில, மாவட்ட, வட்டார ஒருங்கிணைப்புக் குழுக்கள். மூன்று ஆண்டுக்கு மொத்த மதிப்பீடு 9,046 கோடி ரூபாய். வளர்ச்சிக் குன்றலை 2022க்குள் 38.4 விழுக்காட்டிலிருந்து 25க்குக் கொண்டுவருவது இலக்கு.

2019-21 ஆய்வில் அது 35.5 விழுக்காடாக இருந்தது. அபியான் தொடங்கிக் கொஞ்ச காலத்திலேயே ஆய்வு நடந்தது, இடையில் பெருந்தொற்றும் வந்தது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் ரத்தசோகை 58.6இலிருந்து 67.1 விழுக்காடாக ஏறியது. ரத்த மாதிரி எடுக்கும் முறையைப் பற்றி வல்லுநர்களிடையே சர்ச்சை உண்டு. அந்தச் சர்ச்சைக்கு இடம் கொடுத்த பிறகும், ரத்தசோகை ஆண்டுக்கு மூன்று புள்ளி குறையும் என்று வாக்களித்த ஒரு திட்டத்தின் கீழ் அது குறைந்தது என்று சொல்ல எவரிடமும் ஓர் எண் இல்லை.

4. மேலே ஐந்து துறை, கீழே யார்?

ஒருங்கிணைப்பைப் பேசுகிறவர்கள் பதில் சொல்லத் தவறும் முக்கியமான கேள்வி இது. தலைநகரில் எத்தனை அமைச்சகம் கைகோத்தாலும் கிராமத்தில் அந்தக் கைகளெல்லாம் போய்ச் சேருவது ஒரே ஒருத்தியின் தலையில். அவள் அங்கன்வாடிப் பணியாளர்.

1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் சோதனையாகத் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் வளர்ச்சித் திட்டம், உச்ச நீதிமன்றத்தின் 2001, 2006 ஆணைகளுக்குப் பிறகு ஏறத்தாழ பதினான்கு லட்சம் மையங்களாக விரிந்தது. இணை உணவு, முன்பருவக் கல்வி, தடுப்பூசிக்குத் துணைநிற்றல், உடல்நலப் பரிசோதனை, மேல்சிகிச்சைக்கு அனுப்புதல், உணவையும் உடல்நலத்தையும் பற்றித் தாய்மாருக்குக் கல்வி என்று ஆறு சேவைகளை முதல் நாளிலிருந்தே அவள் கையில்தான் கொடுத்தார்கள். அதாவது பல்துறை ஒருங்கிணைப்பு என்பது அந்தப் பெண்ணின் வேலைப் பட்டியலாக ஐம்பது ஆண்டுக்கு முன்பே வந்துவிட்டது. பிறகு ஒவ்வொரு துறையும் தன் பங்கைச் சேர்த்தது. கழிப்பறைக் கணக்கெடுப்பு, வாக்காளர் பட்டியல், மாத்ரு வந்தனா படிவம், ஊட்டச்சத்து மாதக் கொண்டாட்டம், 2021 முதல் போஷன் டிராக்கர் செயலி. 2025இல் வீட்டுக்குக் கொடுத்தனுப்பும் சத்துமாவைப் பெற வரும் தாயின் முகத்தைக் கேமராவில் பொருத்திப் பார்க்கும் வேலையும் சேர்ந்தது. சிக்னல் இல்லாத ஊரில், பழைய கைபேசியில், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்கும் தாயின் முகம் பதிவாகும்வரை அவள் காத்திருக்கிறாள். அந்த நேரத்தில் மையத்துக்குள் இருபது குழந்தைகள் இருக்கிறார்கள்.

இதற்கு ஒன்றிய அரசு வகுத்த மதிப்பூதியம் 2018 அக்டோபர் முதல் மாதம் 4,500 ரூபாய். உதவியாளருக்கு 2,250. 2025 வரை அந்தத் தொகை மாறவில்லை. அதற்கு மேல் கிடைப்பதெல்லாம் அந்தந்த மாநிலத்தின் பெருந்தன்மையைப் பொறுத்தது. தமிழ்நாடு போன்ற மாநிலங்கள் காலமுறை ஊதியம் கொடுக்கின்றன, பல மாநிலங்கள் கொடுப்பதில்லை. இவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்பதை நிலைநாட்டவே 2022 ஏப்ரலில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வேண்டியிருந்தது. தொழிலாளி என்ற பெயரைக்கூட அரசு இவர்களுக்குத் தரத் தயங்குகிறது. 'தன்னார்வலர்' என்று எழுதுகிறது.

ஒருங்கிணைப்பின் செலவை யார் தாங்குகிறார்கள் என்பது இங்கே தெளிவாகிறது. மேலே உள்ள துறைகளுக்கு அது செலவில்லாத கொள்கை. ஒரு சுற்றறிக்கை போதும். அதன் விலை முழுவதையும் இந்தப் பெண்ணின் நேரத்திலிருந்து எடுக்கிறார்கள். வீடு வீடாகப் போய் ஆறு மாதக் குழந்தைக்குக் கூழ் எந்தப் பதத்தில் கொடுக்க வேண்டும் என்று தாய்க்குக் காட்ட வேண்டிய நேரம் அது. இரண்டு வயதுக்குள் குழந்தையின் வளர்ச்சியைத் தீர்மானிக்கும் அந்த ஒரு வேலைக்குத்தான் யாரும் பதிவேடு கேட்பதில்லை.

ஒவ்வொரு மையத்திலும் இரண்டாவது ஒரு பணியாளர் இருந்தால், ஒருவர் சிறு குழந்தைகளையும் வீடுகளையும் பார்க்க, மற்றவர் மூன்று வயதுக்கு மேற்பட்டோரைப் பார்க்கலாம் என்று குழந்தை நல ஆய்வாளர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவருகிறார்கள். அதற்குத் தேவை குழு இல்லை, சம்பளம்.

5. மீதி நான்கு பங்கு மற்ற துறைகளிடம் இருக்கிறதா?

லான்செட் மதிப்பீட்டைப் புரட்டிப் போட்டுப் படித்ததால் வந்த முடிவு இது. பத்து நடவடிக்கைகளால் ஐந்தில் ஒரு பங்கு குறையும் என்றால், மற்றதைக் கழிப்பறையும் கைகழுவலும் குறைத்துவிடும் என்று பொருள் இல்லை. அதை நேரடியாகச் சோதித்தும் பார்த்துவிட்டார்கள். வங்கதேசத்திலும் கென்யாவிலும் நடந்த பெரும் சோதனைகளின் முடிவுகள் 2018இல் வந்தன. ஜிம்பாப்வேயின் முடிவு 2019இல். சில கிராமங்களுக்குக் குழந்தை உணவும் ஆலோசனையும், சிலவற்றுக்குக் கழிப்பறை, சுத்தமான நீர், கைகழுவல், சிலவற்றுக்கு இரண்டும். உணவு கொடுத்த இடங்களில் குழந்தைகள் சற்று உயரமாக வளர்ந்தார்கள். தண்ணீரும் கழிப்பறையும் மட்டும் கொடுத்த இடங்களில் உயரத்தில் மாற்றமில்லை. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தபோது, உணவு மட்டும் கொடுத்ததைவிட அதிகப் பலன் கிடைக்கவில்லை.

இதைக் காட்டிக் கழிப்பறை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். கழிப்பறை மனிதரின் மானத்துக்கு வேண்டும், வயிற்றுப்போக்கைத் தடுக்க வேண்டும். அந்த ஆய்வாளர்களே சொன்னது, மலிவான குழிக் கழிப்பறையும் குளோரின் மாத்திரையும் போதாது, வீட்டுக்குள் குழாய் நீரும் கழிவுநீர் வடிகாலும் போன்ற பெருமாற்றங்கள் வேண்டும் என்பது. அவற்றுக்கு ஆகும் செலவை நினைத்துப் பாருங்கள். ஒருங்கிணைப்பு பணத்துக்கு மாற்றாகும் என்று நம்பிய வாதம், கடைசியில் இன்னும் பெரிய பணத்தைக் கேட்கும் இடத்தில் வந்து நிற்கிறது.

6. பெருவைப் பாருங்கள் என்கிறார்கள். பார்ப்போம்.

ஒருங்கிணைப்பின் வெற்றிக்கு உலகம் காட்டும் முதல் உதாரணம் தென்னமெரிக்காவின் பெரு. ஐந்து வயதுக்குட்பட்டோரின் வளர்ச்சிக் குன்றல் 2008 வாக்கில் 28 விழுக்காடாக இருந்து 2016இல் 13 ஆகக் குறைந்தது. அங்கே 'கிரெசர்' என்ற ஒருங்கிணைப்புத் திட்டம் 2007இல் வந்தது உண்மை. ஆனால் அதைச் செலுத்திய எந்திரம் எது? 2006 தேர்தலில் அதிபர் வேட்பாளர்களிடம் தொண்டு அமைப்புகள் எழுத்துமூலம் வாக்குறுதி வாங்கின: ஐந்து ஆண்டில், ஐந்து வயதுக்குட்பட்டோரின் குன்றல் ஐந்து புள்ளி குறைய வேண்டும். பிறகு நிதி அமைச்சகம் ஊட்டச்சத்துக்கென்று தனி நிதித் தலைப்பை உருவாக்கி, தடுப்பூசியும் குழந்தையின் வளர்ச்சிப் பரிசோதனையும் எத்தனை பேருக்குப் போய்ச் சேர்ந்தன என்பதோடு பணத்தைக் கட்டியது. ஏழைத் தாய்மாருக்கு 'ஹுன்டோஸ்' திட்டம் மாதம் நூறு சோல் கையில் கொடுத்தது.

பெருவில் துறைகள் ஒன்றுகூடின, ஏனென்றால் நிதி அமைச்சகத்திடம் காசு இருந்தது, அந்தக் காசுக்கு நிபந்தனை இருந்தது. நாம் அங்கிருந்து குழுக்களின் வரைபடத்தை மட்டும் எடுத்துவந்தோம்.

7. தமிழ்நாடு?

தமிழ்நாட்டையும் இதே பட்டியலில் சேர்த்துப் பேசுவது இப்போது வழக்கமாகிவிட்டது. துறைகள் இங்கே சேர்ந்து உழைப்பதால்தான் குழந்தைகள் நன்றாக இருக்கிறார்கள் என்கிறார்கள். வரலாறு வேறு மாதிரி நடந்தது. 1956இல் காமராஜர் பள்ளிகளில் மதிய உணவைத் தொடங்கினார். 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி மாநிலத்தின் சொந்தக் கருவூலத்திலிருந்து பணம் போட்டபோது, வளர்ச்சிப் பணத்தைச் சோற்றில் கரைப்பதாகப் பொருளியல் அறிஞர்கள் கண்டித்தார்கள். எந்தப் பல்துறை மன்றமும் கூடி அதற்கு ஒப்புதல் தரவில்லை. ஒவ்வொரு மையத்துக்கும் அமைப்பாளர், சமையலர், சமையல் உதவியாளர் என்று மூன்று பேரை நியமித்தார்கள். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை வந்தது. 2010இல் வாரம் ஐந்து முட்டை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் காலை உணவு தொடங்கி, 2023 ஆகஸ்டில் மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது. இவை ஒவ்வொன்றும் ஒரு பட்ஜெட் முடிவு.

இந்தச் செலவு வந்த பிறகு ஒருங்கிணைப்பும் வந்தது. அரிசியை நுகர்பொருள் வாணிபக் கழகம் கொண்டுவந்து கொடுத்தது. ஊராட்சி ஒன்றியம் சமையல்கூடம் கட்டியது. தடுப்பூசி போட வேண்டிய குழந்தைகள் எங்கே இருப்பார்கள் என்பது கிராம சுகாதார செவிலியருக்குத் தெரிந்தது, ஏனென்றால் உணவு அவர்களை ஒரே இடத்தில் கூட்டிவைத்தது. 1980இல் உலக வங்கிக் கடனோடு தொடங்கிய தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டமும் பெயரில் ஒருங்கிணைப்பைத் தாங்கியிருந்தாலும், அது மதிக்கப்படுவது வேறு காரணத்துக்காக. மூன்று வயதுக்குட்பட்டோர் மீது குவிந்த கவனம், மாதா மாதம் எடை, எடை ஏறாத பிள்ளைக்கு உடனே உணவு, சுமார் பத்து பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர். ஆள்பலம் அது, அதாவது சம்பளம்.

தமிழ்நாடு சாதித்துவிட்டது என்று சொல்லவும் நான் வரவில்லை. இங்கே வளர்ச்சிக் குன்றல் 27.1இலிருந்து 25 விழுக்காடாகத்தான் இறங்கியிருக்கிறது. நான்கு குழந்தைகளில் ஒன்று. பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு நாம் கொடுப்பதை இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குக் கொடுக்கவில்லை. அந்த இடைவெளியை மூட 2022இல் ஊட்டியில் தொடங்கிய 'ஊட்டச்சத்தை உறுதி செய்' திட்டத்தில் சமூக நலத் துறையும் சுகாதாரத் துறையும் சேர்ந்து குழந்தைகளைப் பரிசோதித்தன. அது நடந்ததற்குக் காரணம், கண்டுபிடித்த பிள்ளைக்குக் கொடுக்கச் சத்துப்பசையும், தாய்க்குக் கொடுக்க நெய்யும் பேரீச்சையும் கையில் இருந்ததுதான். கொடுக்க ஒன்றுமில்லாமல் எடை மட்டும் பார்த்துக் குறிப்பேட்டில் எழுதும் மையத்துக்குத் தாய் மறுமாதம் வரமாட்டாள்.

8. கடைசியாக, பொறுப்பு யாருடையது?

குழந்தை மெலிந்தால் இன்றைக்கு எந்த அமைச்சர் பதில் சொல்ல வேண்டும்? பெண்கள் குழந்தைகள் அமைச்சகத்தைக் கேட்டால் தண்ணீரும் சுகாதாரமும் எங்களிடம் இல்லை என்பார்கள். சுகாதாரத்தைக் கேட்டால் உணவு எங்களிடம் இல்லை. மாவட்ட ஆட்சியரைக் கேட்டால் ஒருங்கிணைப்புக் குழு கூடியதற்கான குறிப்பைக் காட்டுவார். 2012-13இல் வெளிவந்த கணக்குத் தணிக்கைத் தலைவரின் அறிக்கை, சோதித்த அங்கன்வாடிகளில் பாதிக்கு மேற்பட்டவற்றில் கழிப்பறை இல்லை, ஏறத்தாழ மூன்றில் ஒன்றில் குடிநீர் இல்லை என்றது. குழந்தைகளுக்காகவே அரசு நடத்தும் இடத்தில் தண்ணீர் இல்லாததற்கு ஒரு தனித் துறை பொறுப்பேற்கும் நிலை அப்போதும் இல்லை. பொறுப்பை ஐந்தாகப் பிரித்தால் ஒவ்வொருவரிடமும் ஐந்தில் ஒரு பங்கு இருக்கும் என்பது கணிதத்தில் சரி. நிர்வாகத்தில் யாரிடமும் ஒன்றும் இருக்காது.

துறைகள் பேசிக்கொள்ளவே வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். தடுப்பூசி நாளும் எடை பார்க்கும் நாளும் ஒன்றாக இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரை மருந்துக் கிடங்கிலிருந்து அங்கன்வாடிக்கு வர வேண்டும். கடும் மெலிவுள்ள குழந்தையை அனுப்பினால் மருத்துவமனையில் படுக்கை இருக்க வேண்டும். இந்த மூன்றையும் ஒரு வட்டார மருத்துவ அலுவலரும் ஒரு குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலரும் தொலைபேசியில் தீர்த்துக்கொள்வார்கள், அந்த இரண்டு நாற்காலியிலும் ஆள் இருந்தால், அவர்கள் கையில் பொருள் இருந்தால்.

உணவுக்கான தொகையை உயர்த்தினால் கருவூலம் தாங்குமா என்று கேட்பார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நிதியமைச்சரே 2025 உரையில் எட்டுக் கோடிக்கு மேற்பட்ட குழந்தைகள் என்று சொன்னார். எட்டு ரூபாயைப் பன்னிரண்டாக உயர்த்தினால் குழந்தை ஒன்றுக்கு நாளுக்கு நான்கு ரூபாய் கூடும். ஆண்டுக்கு 300 நாள் உணவு. எட்டுக் கோடிக் குழந்தைகளுக்கு ஆகும் கூடுதல் செலவு 9,600 கோடி. பாதிப்பாதி என்று கொண்டால் ஒன்றிய அரசின் பங்கு 4,800 கோடி. பதினைந்தாவது நிதிக்குழு பரிந்துரைத்து வராமல் போன 7,735 கோடியைவிட இது குறைவு. 2020-21க்கும் அடுத்த ஆண்டுக்கும் இடையே ஒதுக்கீட்டில் குறைந்த தொகையைவிட ஒரு சில நூறு கோடிகளே கூடுதல். அந்த விகிதத்தை ஆண்டுதோறும் உணவு விலைக் குறியீட்டோடு கட்டிவிட்டால் அடுத்த ஏழு ஆண்டில் அது மீண்டும் கரையாது. இதைச் செய்ய ஐந்து துறைகளின் கையெழுத்து வேண்டாம். ஒன்றிய அமைச்சரவையின் ஒரு முடிவும், மாநிலங்கள் தங்கள் பாதியை ஒதுக்குவதும் போதும்.